மறுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்

2025 ஏப்ரலில் மைசூர் அமர்வு நீதிமன்றத்தில், கொலை செய்யப்பட்டதாகக் குற்றப்பத்திரிகை சொன்ன பெண் உயிரோடு வந்து நின்றார். அவரைக் கொன்றதாகச் சிறையில் அடைக்கப்பட்டவர் அவருடைய கணவர். குடகு மாவட்டம் குஷால்நகர் பகுதிப் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவர். மனைவியைக் காணவில்லை என்று காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்ததே அவர்தான். மைசூர் மாவட்டம் பெட்டதபுரா காவல் எல்லையில் அடையாளம் தெரியாத எலும்புக்கூடு ஒன்று கிடைத்திருந்தது. அது அந்த மனைவியினுடையதுதான் என்று முடிவுகட்டி, புகார் கொடுத்தவரையே கைது செய்தார்கள். ஓராண்டுக்கும் மேலாக அவர் உள்ளே இருந்தார். மடிகேரியில் ஓர் உணவகத்தில் அந்தப் பெண் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டதால்தான் வழக்கு உடைந்தது. ஏப்ரல் 23 அன்று நீதிமன்றம் கணவரை விடுதலை செய்து, ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், புலன் விசாரணையில் தவறியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது.

இப்படி ஒரு வழக்கு செய்தியில் வரும்போதெல்லாம் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் தலையங்கம் எழுதுபவர்களும் ஒரே நோயைத்தான் கண்டுபிடிக்கிறார்கள்: துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு இல்லை. போலீஸ் தனியாக இயங்குகிறது, அரசு வழக்கறிஞர் தனியாக இயங்குகிறார், தடய அறிவியல் கூடம் எங்கோ இருக்கிறது, சிறை தனி உலகம், நீதிமன்றத்துக்கு இவர்களில் யாரும் பதில் சொல்வதில்லை என்கிறார்கள். மருந்தும் ஒன்றே: மாவட்ட அளவில் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒரே கணினி வலையில் இணைத்து, ஒருமித்த முடிவோடு வழக்குகளை நடத்த வேண்டும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது; யாரையும் புண்படுத்தாத யோசனையாகவும் இருக்கிறது. அதனால்தான் எல்லாக் கட்சிக்காரர்களும் இதை ஏற்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு என்கிறேன். மாவட்டத்தில் குற்றவியல் நீதியை நடத்தும் அலுவலகங்களுக்குள் இணக்கம் குறைவாக இல்லை. தேவைக்கு மேல் இருக்கிறது. குறைவாக இருப்பது, ஓர் அலுவலகம் அனுப்பியதை அடுத்த அலுவலகம் நிறுத்திப் பார்த்து, ‘இதை ஏற்க முடியாது’ என்று எழுதும் துணிவு. இணக்கத்தை இன்னும் கூட்டினால் அந்தத் துணிவு இன்னும் குறையும்.

முதலில் மைசூரில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். நகரத்துக்கு ஒரு போலீஸ் ஆணையர். மாவட்டத்தின் மற்றப் பகுதிகளான ஹுன்சூர், நஞ்சன்கூடு, பிரியாபட்டணா, எச்.டி. கோட்டை முதலிய வட்டங்களுக்கு ஒரு எஸ்.பி. ஆக, போலீசே இரண்டு. நம் ஊரில் கலெக்டர் இருக்கும் இடத்தில் அங்கே டெபுடி கமிஷனர். மத்தியச் சிறை சிறைத்துறையின் கீழ். அரசு வழக்கறிஞர்கள் வழக்குத் தொடுப்புத் துறையின் கீழ். நீதிபதிகள் உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில். ஏழைக் கைதிக்கு வக்கீல் வைத்துக் கொடுக்க மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. இத்தனை பேர் தனித்தனியாக இருப்பதை நிர்வாகக் கோளாறு என்று பார்ப்பவர்கள், இப்படிப் பிரித்துவைத்தது யாரோ மறதியில் செய்த காரியம் என்பதுபோல் பேசுகிறார்கள். வெள்ளையர் காலத்துக் கலெக்டரே வரி வசூலித்தார், போலீசை ஏவினார், குற்றவாளி என்று தீர்ப்பும் எழுதினார். அவரளவுக்கு ஒருங்கிணைந்த நிர்வாகம் இந்த நாட்டில் வேறு இருந்ததில்லை. அதை உடைக்க வேண்டும் என்று காங்கிரஸ் தன் தொடக்க ஆண்டுகளிலேயே தீர்மானம் போட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 50ஆம் உறுப்பு, நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொன்னது. 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் நீதித்துறை நடுவரையும் நிர்வாக நடுவரையும் பிரித்தது. இந்தப் பிரிவினை ஒரு நூற்றாண்டுப் போராட்டத்தில் கிடைத்தது.

எதிர்த்தரப்பின் வாதத்தில் உண்மை இருக்கும் இடத்தை நான் மறைக்கப் போவதில்லை. ஆளையும் தாளையும் கொண்டுசேர்க்கும் வேலையில் ஒருங்கிணைப்பு கட்டாயம் வேண்டும். வழிக்காவலுக்குப் போலீசார் வராததால் கைதி வாய்தாவுக்குக் கொண்டுவரப்படாமல் போவது அநியாயம். ஜாமீன் கிடைத்த உத்தரவு சிறைக்கு வந்து சேராமல் ஒருவர் கூடுதலாக ஓர் இரவு உள்ளே கிடப்பதும் அநியாயமே. 2022 நவம்பர் 26, அரசமைப்புச் சட்ட நாள் விழாவில், ஜாமீன் கிடைத்தும் வெளியே வர வழியில்லாத ஏழைக் கைதிகளைப் பற்றிக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு பேசினார். அடுத்த சில வாரங்களில், 2023 ஜனவரி 31 அன்று, உச்ச நீதிமன்றம் விதிகள் வகுத்தது: ஜாமீன் உத்தரவு மின்னஞ்சலில் அன்றே அல்லது மறுநாளே சிறைக்குப் போக வேண்டும், ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கெல்லாம் எத்தனை கூட்டம் வேண்டுமானாலும் போடட்டும், வரவேற்கிறேன்.

ஆனால் ஒருங்கிணைப்புக்காரர்கள் இதோடு நிற்பதில்லை. தாளைக் கொண்டுசேர்ப்பதற்குச் சொல்லும் நியாயத்தை, அந்தத் தாளில் எழுதியிருப்பது சரியா என்று தீர்மானிக்கும் வேலைக்கும் நீட்டுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பெட்டதபுரா வழக்கையே எடுத்துக்கொள்வோம். ஒருங்கிணைப்பு எந்த இடத்தில் குறைந்தது? இரண்டு மாவட்டங்களில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றில் காணாமல்போன பெண், இன்னொன்றில் ஆள் தெரியாத எலும்புக்கூடு. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்ததே ஒருங்கிணைப்புதான். இரண்டு காவல் எல்லைகளின் தகவல்கள் சந்தித்துக்கொண்டன; தீராத இரண்டு கோப்புகள் ஒன்றாகத் தீர்ந்தன. பெண்ணின் தாயிடம் ரத்த மாதிரி எடுத்து டி.என்.ஏ. ஆய்வுக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் முன்பே குற்றப்பத்திரிகை தாக்கலானது. எலும்பும் தாயின் ரத்தமும் பொருந்தவில்லை என்று அறிக்கை வந்த பின்னும் வழக்கு நின்றுவிடவில்லை, விசாரணை தொடர்ந்தது.

இங்கே ஒவ்வொரு படியிலும் மறுக்க ஒருவருக்கு அதிகாரம் இருந்தது. டி.என்.ஏ. முடிவு வராத குற்றப்பத்திரிகையை, ‘இறந்தவர் யார் என்றே நிரூபணமாகவில்லை’ என்று அரசு வழக்கறிஞர் திருப்பி அனுப்பியிருக்கலாம். செத்தது யார் என்று தெரியாமல் கொன்றது யார் என்று சொல்ல முடியாது. இதைச் சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவர் அறிவார். முடிவு எதிராக வந்தபோது, வழக்கைத் திரும்பப் பெறுகிறோம் என்று அரசுத் தரப்பே மனுப்போட்டிருக்கலாம். குற்றச்சாட்டு வனையும் கட்டத்திலேயே நீதிமன்றம் அவரை விடுவித்திருக்கலாம். அத்தனை பேரும் தத்தம் முன்னால் வந்த தாளை அடுத்தவருக்குத் தள்ளினார்கள். யாரும் யாருக்கும் எதிராகப் போகவில்லை. ஒரு பழங்குடி மனிதரின் வாழ்க்கையை அழித்தது இந்த ஒற்றுமைதான். இதற்குப் பிறகும் ‘இவர்கள் இன்னும் ஒற்றுமையாக இருந்திருக்க வேண்டும்’ என்று சொல்பவர்களின் தர்க்கம் எனக்குப் புரியவில்லை.

இது மைசூரின் தனிக் கதை என்று நினைத்தால் நம் சாத்தான்குளத்தைப் பாருங்கள். 2020 ஜூன் 19 அன்று தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மறுநாள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். ரத்தத்தில் ஊறிய லுங்கிகளை மாற்ற வேண்டியிருந்தது என்று சாட்சியங்கள் சொல்கின்றன. மருத்துவர் உடல் தகுதிச் சான்று கொடுத்தார். நீதித்துறை நடுவர் காவலில் வைக்க உத்தரவிட்டார். நூறு கிலோமீட்டர் அளவு தள்ளியிருக்கும் கோவில்பட்டிக் கிளைச் சிறை அவர்களை ஏற்றுக்கொண்டது. 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார்; 23ஆம் தேதி காலையில் தந்தை இறந்தார். காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம், சிறை என்று நான்கு அலுவலகங்கள், நான்கு கையெழுத்துகள். நடைமுறையில் ஓரிடத்தில்கூடத் தடங்கல் இல்லை. காயத்தைப் பார்த்த மருத்துவர் ‘சான்று தர மாட்டேன்’ என்றிருந்தால் போதும். நடுவர் அவர்களை அருகில் அழைத்து, ‘போலீஸ் அடித்ததா?’ என்று கேட்டிருந்தால் போதும். சிறை அதிகாரி ‘இந்த நிலையில் ஏற்க முடியாது, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்’ என்று வாசலில் நிறுத்தியிருந்தால் போதும். ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனைக் குற்றங்களில் காவலில் வைக்க இயந்திரத்தனமாக உத்தரவிடக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி ஆறாண்டு ஆகியிருந்தது. பின்னால் உண்மை வெளிவந்தது எப்படி? உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அது அனுப்பிய கோவில்பட்டி நடுவர் காவல் நிலையத்தின் எதிர்ப்புக்கு நடுவே விசாரித்தார். அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் சக காவலர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். ஒத்துப்போக மறுத்தவர்களால்தான் அந்த வழக்கே உயிர் பெற்றது.

மைசூரில் இதைவிடப் பெரிய பாடமும் இருக்கிறது. தமிழர்கள் அதை மறந்திருக்க முடியாது. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். தொடர்ந்து தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டின் அதிரடிப்படைகளும் சேர்ந்து தேடுதல் நடத்தின. இந்தியாவில் இரண்டு மாநிலப் போலீஸ் அந்த அளவுக்குக் கைகோத்து நின்ற சந்தர்ப்பங்கள் குறைவு. மாதேஸ்வரன் மலையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பிடிக்கப்பட்டவர்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் ஏழைகள், பயங்கரவாதத் தடுப்புக்கான தடா சட்டத்தின்கீழ் மைசூர்ச் சிறைக்கு வந்தார்கள். தடா சட்டமே 1995இல் காலாவதியாகிவிட்டது. அவர்கள் மட்டும் உள்ளேயே இருந்தார்கள். அந்தக் கூட்டுத் தேடுதலின் அத்துமீறல்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைக்க வேண்டி வந்தது. 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது.

2000 ஜூலை 30 அன்று நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டார். மைசூர்ச் சிறையில் இருக்கும் தடாக் கைதிகளை விடுதலை செய்ய வேண்டும் என்பது வீரப்பனின் கோரிக்கைகளில் ஒன்று. முதல்வர்கள் கருணாநிதியும் எஸ்.எம். கிருஷ்ணாவும் கலந்து பேசினார்கள். மூன்றே வாரத்தில், ஆகஸ்டில், சிறப்பு அரசு வழக்கறிஞர் தடாக் குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற மனுப்போட்டார். மைசூர்த் தனி நீதிமன்றம் சம்மதித்தது. ஏழு ஆண்டு அந்த ஏழைகள் மீது தடா பொருந்துமா என்று ஒரு முறைகூட யோசிக்காத அதே அமைப்பு, மேலே இருந்தவர்களுக்குத் தேவைப்பட்டதும் மூன்று வாரத்தில் ஒருமித்த கருத்துக்கு வந்தது. இரண்டு அரசுகள், வழக்கறிஞர், நீதிமன்றம் எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. இதுதான் ஒருங்கிணைப்பின் உச்சம். கும்பலால் கொல்லப்பட்ட உதவி ஆய்வாளர் ஒருவரின் தந்தை, தனி மனிதராக, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2000 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திரும்பப் பெறுதலை ரத்து செய்தது. வழக்கைத் திரும்பப் பெறுவதா என்று அரசு வழக்கறிஞர் தன் சொந்த அறிவைச் செலுத்தி முடிவெடுக்க வேண்டும், அரசு சொன்னதற்காக மனுப்போடக் கூடாது, சம்மதிக்கும் நீதிமன்றமும் அதையே சோதிக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். வழக்கு முறைப்படி விசாரிக்கப்பட்டது. 2001 செப்டம்பரில் அதே மைசூர்த் தனி நீதிமன்றம் சாட்சியங்களை நிறுத்துப் பார்த்துத் தீர்ப்பளித்தபோது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீதான குற்றச்சாட்டு நிற்கவில்லை, விடுதலையானார்கள். கூட்டு நடவடிக்கை அவர்களை உள்ளே தள்ளியது, தனித்து உட்கார்ந்து ஆவணங்களைப் படித்த நீதிபதி வெளியே விட்டார். அந்த எட்டாண்டை அவர்களுக்குத் திருப்பித் தர எந்தத் தீர்ப்பாலும் முடியவில்லை என்பது வேறு. தண்டிக்கப்பட்டவர்களில் நால்வரின் தண்டனையை 2004இல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையாக உயர்த்தியது. கருணை மனு மீதான தாமதத்தால் 2014இல் அது ஆயுளாகக் குறைந்தது. தனித்து இயங்கும் நீதிபதி எப்போதும் சரியாகத் தீர்ப்பளிப்பார் என்று நான் சொல்லவில்லை. தனித்து இயங்காதவர் தவறு செய்தால் அதைத் திருத்த ஆளே இருக்க மாட்டார் என்கிறேன்.

அதே 2000 நவம்பரில்தான் குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்கு மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் வி.எஸ். மளிமட், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி. 2003இல் வந்த அவர் அறிக்கை, ஒருங்கிணைப்பு வாதத்தின் கற்றறிந்த வடிவம். போலீசும் வழக்கறிஞரும் நெருங்கி வேலை செய்ய வேண்டும். வழக்குத் தொடுப்பு இயக்குநராக டி.ஜி.பி. தகுதியுள்ள போலீஸ் அதிகாரியே வரலாம், எஸ்.பி. பதிவுசெய்யும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லும். குற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் அளவுகோலைத் தளர்த்தலாம் என்றெல்லாம் பரிந்துரைத்தது. மளிமட்டின் அக்கறை உண்மையானது. குற்றவாளிகள் தப்புகிறார்கள், பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைப்பதில்லை என்ற வேதனையில் எழுதினார். ஆனால் பரிந்துரைகளைச் சேர்த்துப் படித்தால், போலீஸ் சொல்வதை வழக்கறிஞரும் நீதிமன்றமும் எளிதில் ஏற்கும்படி பாதையைச் சமன் செய்வதே நோக்கம் என்று தெரியும். மைசூரின் தடா வழக்கு அந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அப்போதுதான் காட்டியிருந்தது, எஸ்.பி. முன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லும் என்பது தடா சட்டத்தின் விதியேதான். வழக்கறிஞர்களைப் போலீசின் பிடியிலிருந்து பிரிக்க வேண்டும் என்று ஷஹானே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொன்னது. நாடாளுமன்றமும் 2005இல் திருத்தம் கொண்டுவந்தபோது, இயக்குநர் பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞராக இருக்க வேண்டும், தலைமை நீதிபதியின் ஒப்புதலோடு நியமிக்கப்பட வேண்டும் என்றுதான் எழுதியது.

இருந்தும் பழக்கம் போகவில்லை. பழைய ஹூப்ளி காவல் நிலையக் கலவர வழக்கு உள்பட 43 வழக்குகளைத் திரும்பப் பெறக் கர்நாடக அரசு 2024இல் ஆணையிட்டது. 2025 மே 29 அன்று உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. ராஜ்குமார் காலத்துப் பாடத்தைக் கால் நூற்றாண்டு கழித்தும் நீதிமன்றம் மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது. நம் மாநிலமும் சுத்தமில்லை. நன்னடத்தைப் பிணை வழக்குகளில் நடுவராக உட்காரும் அதிகாரத்தை, வேலை வேகமாக நடக்கும் என்று, போலீஸ் துணை ஆணையர்களுக்கே கொடுத்துவைத்திருந்தது தமிழ்நாடு அரசு. புகார் சொல்வதும் போலீஸ், விசாரித்து உள்ளே போடுவதும் போலீஸ். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளைச் செல்லாது என்று அறிவித்தது. மெலிந்துகொண்டே வரும் கோடுகளை நீதிமன்றம் மறுபடி மறுபடி வரைய வேண்டியிருக்கிறது.

மேலை நாடுகளில் மாவட்ட அளவில் நீதிபதி, வழக்குத் தொடுப்பவர், போலீஸ் எல்லோரும் கூடி முடிவெடுக்கும் முறை இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து லூசர்ன் மாவட்டத்தின் கதையை அவர்கள் படிக்க வேண்டும். அங்கே இரண்டு நீதிபதிகள், தனியார் சிறார் காப்பகங்களோடு தொடர்புடையவர்களிடம் 28 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு, அற்பக் குற்றங்களுக்கெல்லாம் பிள்ளைகளைக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். பல பிள்ளைகளுக்கு வக்கீலே இல்லாமல், சில நிமிடங்களில் முடிந்த விசாரணைகள் அவை. நீதிமன்றத்துக்குள் அரசு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், அரசு வைத்த எதிர்த்தரப்பு வக்கீல்கள் இருந்தார்கள், நன்னடத்தை அலுவலர்கள் இருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் வாய் திறக்கவில்லை என்று பின்னர் விசாரித்த ஆணையம் கண்டது. 2009இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான தீர்ப்புகளை அழித்தது. பணம் வாங்கியவர்கள் இரண்டு பேர். ஆனால் அத்தனை பிள்ளைகளை அழிக்க அந்த இரண்டு பேர் போதவில்லை. எல்லாரும் ஒத்துப்போன ஓர் அமைப்பு தேவைப்பட்டது.

நம் மாவட்டங்களில் கூட்டம் இல்லை என்பதும் உண்மையில்லை. 2015இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் ஒவ்வொரு மாவட்டத்திலும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு வந்தது. மாவட்ட நீதிபதி தலைவர். டெபுடி கமிஷனர், எஸ்.பி., சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலர், சிறைக் கண்காணிப்பாளர் உறுப்பினர்கள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காதவர், நோயாளி, பெண், முதல் முறை பிடிபட்ட இளைஞர் என்று பல வகைக் கைதிகளின் பெயர்களை இந்தக் குழு பார்க்க வேண்டும். 2023இல் ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் வந்தது. அதற்கும் மாவட்டக் குழு. திட்டம் வந்தபோது, ஜாமீன் தொகைக்கு ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை அது தரலாம் என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் விடச் சொல்கிறது. உடனே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமையைச் சிறைக் கண்காணிப்பாளர் தலையில் வைக்கிறது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. மேசைகளும் விதிகளும் உண்டு, பணமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2022 கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல்.

ஏன்? அந்த மேசையில் உட்காரும் ஐவரையும் எண்ணிப் பாருங்கள். எல்லோரும் அரசு வாகனத்தில் வருபவர்கள். கைதிக்காக வாதாடும் வழக்கறிஞருக்கு அங்கே நாற்காலி இல்லை. பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படும்போது, ‘இவருக்கு ஜாமீன் கிடைத்து இத்தனை நாள் ஆயிற்று, ஏன் இன்னும் உள்ளே?’ என்று கேட்கக் கடமைப்பட்டவர் யாரும் இல்லை. கர்நாடகத்தில் ஜாமீன்தாரர் பெரும்பாலும் பஹணி என்னும் நிலப்பதிவுத் தாளோடு வர வேண்டியிருக்கிறது. எச்.டி. கோட்டைக் காட்டோரக் குடியிருப்பில் இருக்கும் ஜேனு குருபப் பழங்குடியினர் யார் பெயரில் உள்ள பஹணியைக் கொண்டுவருவார்? மைசூரில் கட்டட வேலைக்குப் போன சேலத்துக்காரருக்கு அங்கே யார் நிலம் வைத்திருக்கிறார்கள்? 1978இல் மோதி ராம் வழக்கில் இதே கேள்விதான் வந்தது. ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்தில் இருப்பதால் அவரைப் பிணையாக ஏற்க முடியாது என்றார் நடுவர். அது ஏழைகளை ஒதுக்குவது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கண்டித்தார். நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் அந்தக் கொத்தனார் அதே சிறையில்தான் இருக்கிறார். பெயரும் ஊரும்தான் மாறியிருக்கின்றன.

‘ஒவ்வொருவரும் மறுத்துக்கொண்டிருந்தால் வழக்கு எப்போது முடியும்?’ என்று கேட்பார்கள். பெட்டதபுரா வழக்கையே கணக்குப் பாருங்கள். டி.என்.ஏ. வரும்வரை காத்திருங்கள் என்று ஒருவர் மறுத்திருந்தால் சில மாதம் தாமதம் ஆகியிருக்கும். மறுக்காததால் ஆண்டுகள் போயின. ஒரு மனிதர் சிறையில் வாடினார். எலும்புக்கூடாகக் கிடந்த அந்த இன்னொரு பெண் யார், அவரைக் கொன்றது யார் என்ற கேள்வியும் ஆற்றோடு போனது. அந்தப் பெண்ணுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். ஒத்துப்போனவர்கள் அவருக்கும் துரோகம் செய்தார்கள். தவறான ஆளைப் பிடிப்பது வழக்கை முடிப்பதாகாது. உண்மைக் குற்றவாளிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாகும்.

ஆகவே நான் கேட்பது இவை. மாவட்டக் கூட்டங்கள் தனி வழக்கின் தகுதியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. வழிக்காவல், சம்மன், ஆய்வறிக்கை, ஜாமீன் உத்தரவு இவற்றின் போக்குவரத்தோடு நிற்க வேண்டும். குற்றப்பத்திரிகை மீது அரசு வழக்கறிஞர் எழுத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். அறிவியல் அறிக்கை வராத கொலை வழக்கில் அது வரவில்லை என்பதை முதல் வரியில் எழுத வேண்டும். அந்தக் கருத்து எதிர்த்தரப்புக்கும் கிடைக்க வேண்டும். ‘ஏற்க முடியாது’ என்று எழுதிய வழக்கறிஞரை அதற்காகவே இடம் மாற்றக் கூடாது. காவல் நீட்டிப்பு உத்தரவில், கைதியை நேரில் பார்த்தாரா, காயம் இருந்ததா, அவர் என்ன சொன்னார் என்று நடுவர் தன் கையால் எழுத வேண்டும். மறுஆய்வுக் குழுவில் சட்ட உதவி வழக்கறிஞருக்கு உறுப்பினர் இடம் வேண்டும். குழு பார்த்த பெயர்களும், விடச் சொல்லாததற்கான காரணமும், கன்னடத்திலும் கைதிகளுக்குத் தெரிந்த மொழிகளிலும் சிறைப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். நிலமில்லாதவருக்குப் பஹணி கேட்பதை நிறுத்தி, சொந்தப் பிணையில் விட வேண்டும்.

இவற்றில் ஒன்றுக்கும் புதிய கணினி வலை தேவையில்லை, புதிய கட்டடமும் தேவையில்லை. அதிகாரிகள் தங்கள் நாற்காலிக்கு உரிய வேலையைத் தனித்தனியே செய்தால் போதும். அடுத்த முறை மைசூரிலோ மதுரையிலோ குற்றவியல் நீதி ஒருங்கிணைப்புக் கூட்டம் நடந்து, சுமுகமாக முடிந்தது என்று செய்தி வந்தால், குடிமக்கள் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த மூன்று மாதத்தில் இந்த மேசையில் இருப்பவர்களில் யார், யாருக்கு, எந்த வழக்கில் மறுப்பு எழுதினார்கள்? யாருமே எழுதவில்லை என்றால், அந்த மாவட்டத்தில் தவறே நடக்கவில்லை என்று பொருளாகாது. அங்கே நடக்கும் தவறைத் தடுக்க ஆளில்லை என்றுதான் பொருள்.